உள்ளமைவுக் கோப்பும் ஆய்வேட்டின் ஒரு பகுதியே

சோதனைநிலையில் உள்ள ஒரு கோப்பு முறைமையை ஆராய்ந்து முடிவுகளை வெளியிடுகிறவர், அம்முடிவுகள் எந்த லினக்ஸ் கெர்னலில் பெறப்பட்டனவோ அக்கெர்னலின் உள்ளமைவுக் கோப்பையும் முழுமையாக வெளியிட வேண்டும். ஆய்வேடாயின், வாய்மொழித் தேர்வில் அக்கோப்பின் இன்றியமையாத வரிகளுக்குக் காரணம் சொல்லக் கூடியவராகவும் இருக்க வேண்டும். இப்பதிவில் நான் வலியுறுத்த விரும்புவது இவ்வளவே. எளிய கோரிக்கைதான், ஆயினும் நான் படிக்கும் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் பெரும்பாலும் இது நிறைவேறுவதில்லை. செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, திண்மநிலை வட்டின் மாதிரி எண் ஆகியவை அட்டவணையாக வரும். கெர்னலைப் பற்றி மட்டும் ஒரு பதிப்பெண்; அதோடு சரி.

கணினி அமைப்பியல் துறைக்கு வெளியே உள்ளோருக்காகச் சிறு விளக்கம். லினக்ஸ் கெர்னலை மூலநிரலிலிருந்து தொகுப்பவர் முதலில் அதில் எவையெவை இடம்பெற வேண்டும் எனத் தீர்மானிக்கிறார். ஒவ்வொரு தெரிவுக்கும் பெரும்பாலும் மூன்று விடைகளே உள்ளன. ‘ஒய்’ என்றால் கெர்னலுக்குள்ளேயே பிணைக்கப்படும். ‘எம்’ என்றால் தேவைப்படும்போது ஏற்றத்தக்க மாட்யூலாகத் தனியே நிற்கும். ‘என்’ என்றால் இடம்பெறாது. இவ்விடைகளெல்லாம் ‘டாட் கான்ஃபிக்’ என்னும் வெறும் உரைக் கோப்பில் வரிவரியாகப் பதிவாகின்றன. இன்றைய கெர்னலில் இத்தகைய தெரிவுகள் 15,000-க்கும் மேல். ஆகவே, ஒரே பதிப்பெண் கொண்ட இரண்டு கெர்னல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோல் நடந்துகொள்ள முடியும். பதிப்பெண்ணை மட்டும் சொல்வது, மருந்தின் பெயரைச் சொல்லி அளவைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

நம் ஆய்வகங்களில் வழக்கமாக நடப்பது என்ன? கணினியில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் உபுண்டு அல்லது ஃபெடோராவின் உள்ளமைவுக் கோப்பை நகலெடுத்து, மெனுகான்ஃபிக் திரையில் கோப்பு முறைமைகள் பகுதிக்குச் சென்று, வேண்டிய பெயருக்கு எதிரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டுத் தொகுக்கத் தொடங்குகிறோம். தொகுப்பு நிறைவேறிவிட்டால் வேலை முடிந்தது எனக் கருதுகிறோம். விநியோக நிறுவனங்களின் உள்ளமைவு மோசமானது என்று சொல்ல வரவில்லை. அது பல்லாயிரம் வகை வன்பொருள்களில் இயங்கவும், பாதுகாப்பாக இருக்கவும், பிழை ஏற்பட்டால் கண்டறிய உதவவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் ஆய்வு வினாவுக்காக அது எழுதப்படவில்லை. பிறர் தம் நோக்கத்துக்காகச் செய்த ஆயிரக்கணக்கான முடிவுகளை நம் ஆய்வுமுறையாக ஏற்றுக்கொள்கிறோம். ஏற்றுக்கொண்டதை எங்கும் குறிப்பிடுவதுமில்லை.

இதனால் விளையும் பிழை எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிடிஆர்எஃப்எஸ், பிகேஷ்எஃப்எஸ் போன்ற முறைமைகள் எழுதப்படும் தரவுக்கும் சரிபார்ப்புத் தொகை கணக்கிடுகின்றன. இஎக்ஸ்டி4 தன் மேல்நிலைத் தரவுக்கு மட்டுமே அதனைச் செய்கிறது. இன்டெல் செயலிகளில் இக்கணக்கீட்டை விரைவாகச் செய்யத் தனிக் கட்டளை உண்டு. அதனைப் பயன்படுத்தும் நிரல் அண்மைக்காலம் வரை கெர்னலில் ஒரு தனித் தெரிவாக இருந்தது. அதனை ‘என்’ என விட்டுவிட்டாலும், ‘எம்’ என வைத்து, கோப்பு முறைமை இணைக்கப்படும் வேளையில் அந்த மாட்யூல் இன்னும் ஏற்றப்படாமல் இருந்தாலும், கணக்கீடு மெதுவான பொது வழிமுறைக்குச் சென்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒப்பீட்டு வரைபடத்தில் இஎக்ஸ்டி4 பாதிக்கப்படாமல் நிற்க, மற்றது மட்டும் பின்தங்கும். ஆய்வாளரோ அப்பின்னடைவை அம்முறைமையின் வடிவமைப்புக்குரியதாக எழுதுவார். வேறோர் ஆய்வகம் அதே வட்டிலும் அதே பதிப்பெண்ணிலும் மாறான முடிவைப் பெறும். இரு தரப்பினரும் நேர்மையானவர்களே. வேறுபாடு ஒரே ஓர் எழுத்தில் உள்ளது. அந்த எழுத்தோ எந்தக் கட்டுரையிலும் அச்சாகவில்லை.

பிழைதிருத்தத் தெரிவுகளின் நிலை இன்னும் தெளிவானது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேஸான் என்னும் கருவி, தன் பொது வடிவில், கிடைக்கும் நினைவகத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், வேகத்தை ஏறத்தாழ மூன்று மடங்கு குறைக்கும் எனக் கெர்னலின் உதவிக் குறிப்பே கூறுகிறது. பூட்டுகளின் ஒழுங்கைச் சரிபார்க்கும் லாக்டெப்புக்கும் அதற்குரிய விலை உண்டு. பிகேஷ்எஃப்எஸ் கெர்னலில் இருந்த காலத்தில் அதற்கெனத் தனிப் பிழைதிருத்தத் தெரிவு ஒன்று இருந்தது. அதனை இயக்கினால் நிரல் கணிசமாக மெதுவாகும் என்ற எச்சரிக்கையும் உடன் இருந்தது. அதனை இயக்கிவிட்டு, அத்தகைய சோதனைகள் ஏதுமில்லாத எக்ஸ்எஃப்எஸ்ஸோடு வேகத்தை ஒப்பிட்டால் அது ஒப்பீடே ஆகாது. மறுபுறம், அதனை அணைத்துவிட்டு, “மூன்று நாள் ஓடியது, பிழை எதுவும் தென்படவில்லை” என எழுதினால் அதுவும் சான்றாகாது. பார்ப்பதற்கான கண்ணை மூடிவிட்டு எதையும் காணவில்லை என்று சொல்வதாகும் அது.

எனவே சோதனைநிலை முறைமையை ஆராய்பவருக்கு இரண்டு கெர்னல்கள் வேண்டும் என்பது என் துணிபு. சரித்தன்மையை ஆராய்வதற்கு ஒன்று: சோதனைக் கருவிகளும், வேண்டுமென்றே பிழையை உட்செலுத்தும் வசதிகளும், எழுத்துகளின் வரிசையைப் பதிந்துவைக்கும் சாதன மேப்பர் தெரிவும் அதில் இயங்க வேண்டும். செயல்திறனை அளப்பதற்கு இன்னொன்று: இவை அணைக்கப்பட்டு, ஒப்பிடப்படும் எல்லா முறைமைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். முன்னதை மெய்நிகர் கணினியிலேயே இயக்கலாம். பின்னதை வன்பொருளில் நேரடியாக இயக்குவதே நன்று. ஒரே கெர்னலைக் கொண்டு இரண்டு வினாக்களுக்கும் விடை தேடினால் ஒன்றேனும் பழுதுபடும்.

சரித்தன்மைச் சோதனையில் இன்னொரு பொறியும் உண்டு. கோப்பு முறைமை உருவாக்குநர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுதியில் ஒரு சோதனைக்கு வேண்டிய வசதி கெர்னலில் இல்லையெனில், அச்சோதனை ‘இயக்கப்படவில்லை’ எனக் குறிக்கப்பட்டுக் கடந்து செல்லப்படும். அது தோல்வியாக எண்ணப்படாது. வசதிகள் குறைவான கெர்னலில் தோல்விகளும் குறைவாகவே தெரியும். மின்தடையைப் போலச் செய்து பார்க்கும் சோதனைகள் ஒன்றுகூட ஓடாமலேயே தூய்மையான அறிக்கை கிடைத்துவிடக் கூடும். தேறியவை எத்தனை, தோற்றவை எத்தனை என்பதோடு, ஓடாதவை எத்தனை, எந்தத் தெரிவு இல்லாததால் ஓடவில்லை என்பதையும் எழுதாத அறிக்கை அரைகுறையானது.

“இதெல்லாம் பொறியியல் நுணுக்கம், ஆய்வுக்குரிய கருத்து இதில் என்ன இருக்கிறது?” என்று மூத்தோர் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு 2019-ஆம் ஆண்டு எஸ்ஓஎஸ்பி மாநாட்டில் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையைச் சுட்ட விரும்புகிறேன். ஏழு ஆண்டுக்கால லினக்ஸ் கெர்னல்களில் அடிப்படைச் செயல்பாடுகளின் வேகம் எவ்வாறு மாறிவந்தது என அவர்கள் அளந்தனர். பல செயல்பாடுகள் மெதுவாகியிருந்தன. அதற்கான காரணங்களைத் தேடியபோது பெரும்பாலானவை 11 மாற்றங்களுக்குள் அடங்கின. அவற்றுள் 8, கெர்னலை மறுபடி உள்ளமைப்பதாலேயே தவிர்க்கத்தக்கவை. உள்ளமைவு என்பது ஆய்வின் விளிம்பில் கிடக்கும் துணுக்கு எனக் கருதுவோர் இவ்விகிதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பு முறைமைச் சோதனைகள் முறைமை அழைப்புகளை இடைவிடாது பயன்படுத்துபவை. ஆதலால் 2018-இல் மெல்ட்டவுன் குறைபாடு வெளியான பிறகு சேர்க்கப்பட்ட பாதுகாப்புத் தெரிவுகளின் சுமையையும் அவை நேரடியாகத் தாங்குகின்றன. அத்தெரிவுகள் இயங்கினவா இல்லையா என்பதைச் சொல்லாத அளவீட்டை மற்றோர் அளவீட்டுடன் எவ்வாறு ஒப்பிடுவது?

இனி, ‘சோதனைநிலை’ என்னும் சொல்லுக்கு வருவோம். அச்சொல் நம்மைக் காப்பாற்றும் என்று எண்ணுவதும் பிழை. அது நீங்கிவிட்டால் அபாயமும் நீங்கிவிட்டது என்று எண்ணுவதும் பிழை. கெர்னலில் முன்பு சோதனைநிலை நிரல்கள் அனைத்துக்கும் வாயிலாக ஒரு பொதுத் தெரிவு இருந்தது. அதனை இயக்கினால்தான் அத்தகைய நிரல்கள் பட்டியலில் தோன்றும். காலப்போக்கில் பயனுள்ள பல நிரல்கள் அவ்வாயிலுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டதால் விநியோக நிறுவனங்கள் அதனை எப்போதும் திறந்தே வைத்தன. எப்போதும் திறந்திருக்கும் வாயிலால் யாருக்கும் எச்சரிக்கை இல்லை. 2012-13-இல் கீஸ் குக் என்னும் கெர்னல் உருவாக்குநரின் முயற்சியால் அத்தெரிவே நீக்கப்பட்டது. அதன்பின் எச்சரிக்கை ஒவ்வொரு தெரிவின் பெயரிலும் உதவிக் குறிப்பிலுமே தங்கியிருக்கிறது. குறிப்பைப் படிக்காதவருக்கு எச்சரிக்கையும் இல்லை.

இஎக்ஸ்டி4-இன் வரலாறு மற்றொரு பாடம். 2006-இல் 2.6.19 கெர்னலில் அது நுழைந்தபோது, உருவாக்கத்தில் உள்ளது என்பதைக் காட்டும் பின்னொட்டு அதன் பெயரிலேயே இருந்தது. 2008 டிசம்பரில் வந்த 2.6.28-இல் அப்பின்னொட்டு நீக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களுக்குள், கணினி திடீரென நின்றுபோனபோது அண்மையில் எழுதிய கோப்புகள் வெற்றுக் கோப்புகளாகிவிட்டன எனப் பயனர்கள் முறையிட்டனர். தாமதித்து இடம் ஒதுக்கும் உத்தியும், பயன்பாட்டு நிரல்கள் தரவை வட்டுக்கு வலிந்து அனுப்பாமல் விட்டதும் சேர்ந்து விளைவித்த சிக்கல் அது, 2.6.30-இல் அதற்குரிய காப்புகள் இணைந்தன. பெயர்ப்பலகை மாறிய நாளில் நிரல் மாறிவிடவில்லை. இன்றும் பிடிஆர்எஃப்எஸ் பலரால் நம்பிப் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் அதன் ரெய்டு 5, 6 வடிவங்களைப் பற்றிய எச்சரிக்கை அதன் ஆவணத்தில் நீடிக்கிறது. பிகேஷ்எஃப்எஸ்ஸின் அழிப்புக் குறிமுறைக்கும் தனித் தெரிவும், வட்டு வடிவம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்ற குறிப்பும் இருந்தன. ஆக, சோதனைநிலை என்பது ஒரு முறைமை முழுவதற்கும் பொருந்தும் ஒற்றைச் சொல் அன்று. எந்தப் பகுதி, எந்தத் தெரிவுடன், எந்தப் பதிப்பில் என்று பிரித்தே அதனைப் பேச முடியும். அப்பிரிப்புக்கு உள்ளமைவுக் கோப்பைக் காட்டிலும் துல்லியமான ஆவணம் வேறில்லை.

பிகேஷ்எஃப்எஸ்ஸின் அண்மைக்கால வரலாறு ஆய்வு மாணவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. 2024 ஜனவரியில் வெளியான 6.7 கெர்னலில் அது சேர்ந்தது. வெளியீட்டின் இறுதிக்கட்டத்தில் எத்தகைய மாற்றங்களை அனுப்பலாம் என்பது குறித்து அதன் உருவாக்குநர் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட்டுக்கும் லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் இடையே நீண்ட பிணக்கு நிலவியது. 2025-இல் 6.17 கெர்னலில் அது ‘வெளியே பராமரிக்கப்படுவது’ எனக் குறிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 6.18-இல் அதன் நிரலே அகற்றப்பட்டது. இப்போது அது வெளியிலிருந்து தொகுத்துச் சேர்க்கும் மாட்யூலாகக் கிடைக்கிறது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கு என் பொருள் அன்று. கெர்னலின் தெரிவுப் பட்டியலில் அவ்வரி வாழ்ந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வின் குறைந்தபட்சக் காலமே மூன்று ஆண்டுகள், உச்சவரம்பு ஆறு. ஆய்வுத்திட்டம் ஒப்புதல் பெற்றபோது இருந்த தெரிவு, ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது இல்லாமற்போவது இனி வியப்புக்குரியதன்று. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய கெர்னல் வருகிறது. ஐந்து ஆண்டுகளில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவை.

பழைய உள்ளமைவுக் கோப்பைப் புதிய கெர்னலுக்கு எடுத்துச்செல்ல நாம் வழக்கமாக ஆளும் ‘ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கட்டளையின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். புதிதாக வந்த தெரிவுகளுக்கு அது இயல்புநிலை விடையை நிரப்பும். நீக்கப்பட்ட அல்லது பெயர் மாறிய தெரிவுகளின் பழைய வரிகளை ஓசையின்றி விட்டுவிடும். முறைமையே நீங்கிவிட்டால் வட்டை இணைக்கும்போதாவது தெரிந்துவிடும். துணைத் தெரிவு ஒன்று பெயர் மாறிப்போனால் தெரியவே தெரியாது. சோதனைகள் தொடர்ந்து ஓடும். எண்கள் தொடர்ந்து வரும். இரண்டாம் ஆண்டின் அளவீடும் நான்காம் ஆண்டின் அளவீடும் ஒரே அட்டவணையில் அருகருகே நிற்கும். அவ்விரண்டுக்கும் இடையே எவையெல்லாம் மாறின என்று தேர்வாளர் கேட்டால், கோப்புகளைப் பாதுகாத்துவைத்தவரிடம் மட்டுமே விடை இருக்கும். இரு கோப்புகளையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் சிறு கருவி கெர்னலின் மூலநிரலோடே வருகிறது. அதற்குக் கொடுக்கக் கோப்புகள்தாம் வேண்டும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை எவை? முதலாவதாக, தொகுத்த கெர்னலின் உள்ளமைவு அக்கெர்னலுக்குள்ளேயே பதிந்திருக்கவும், மூலநிரலின் கிட் அடையாளம் பதிப்பெண்ணோடு ஒட்டிக்கொள்ளவும் தெரிவுகள் உள்ளன. இரண்டையும் இயக்கிவிட்டால், அளவீடு எடுத்த நாளில் எது ஓடியது என்ற ஐயம் எழாது. இரண்டாவதாக, ஒவ்வோர் அளவீட்டுத் தொகுதியுடனும் உள்ளமைவுக் கோப்பைச் சேர்த்து வைக்க வேண்டும். தொகுப்பியின் பதிப்பும் அக்கோப்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. முழுக்கோப்பு சில நூறு கிலோபைட் மட்டுமே. ஒரு நிழற்படத்தைவிடச் சிறியது. மூன்றாவதாக, இயல்புநிலையிலிருந்து விலகிய வரிகளை மட்டும் கொண்ட சுருக்க வடிவத்தை உருவாக்கி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கலாம். ஷோத்கங்காவில் ஆய்வேடு ஏறும்போது அதுவும் உடன் ஏறும். அச்சுருக்கம் குறிப்பிட்ட மூலநிரலோடு சேர்த்தால்தான் பொருள் தரும் என்பதால் கிட் அடையாளத்தை மறக்கலாகாது. வெளியிலிருந்து சேர்த்த மாட்யூலாயின் அதன் பதிப்பையும் தனியே குறிக்க வேண்டும். கெர்னலின் உள்ளமைவுக் கோப்பு அதனைப் பற்றி எதுவும் சொல்லாது.

15,000 தெரிவுகளையும் ஒரு மாணவர் அறிந்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை, அவ்வாறு அறிந்தவர் எவரும் இரார். தரவு செல்லும் பாதையில் உள்ளவற்றை அறிந்தால் போதும்: ஆராயும் முறைமையின் சொந்தத் தெரிவுகள், சரிபார்ப்புத் தொகை, சுருக்கம், மறையாக்கம் ஆகியவற்றின் நிரல்கள், தொகுதி அடுக்கும் அதன் வரிசைப்படுத்திகளும், இடைமறிப்பு முறை, கடிகார அதிர்வெண், பிழைதிருத்தம், பாதுகாப்பு. இவை சில டசன் வரிகளே. ஒவ்வொன்றுக்கும் “ஏன் இது?” என்ற கேள்விக்கு ஒரு வாக்கியம் எழுத முடியாதவர், தம் கருவியை இன்னும் அறியவில்லை என்றே பொருள். வேதியியல் ஆய்வாளர் தம் கரைப்பானின் தூய்மையைச் சொல்லாமல் விடுவதில்லை. நமக்கு மட்டும் அந்தச் சலுகை எதற்கு?

நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் கொண்டுவரும் வரைபடத்தைப் பார்க்கும்போதே உள்ளமைவுக் கோப்பையும் கேளுங்கள். இயந்திரங்கள் பற்றாக்குறையான துறைகளில் பலரும் பகிரும் ஒரே கணினியில் ஒருவர் தொகுத்த கெர்னலிலேயே மற்றவரின் சோதனைகளும் ஓடுகின்றன. யாருடைய தெரிவு யாருடைய முடிவைப் பாதிக்கிறது என்பது பதிவாவதில்லை. துறைக்கு ஒரு கிட் களஞ்சியம் வைத்து உள்ளமைவுகளைச் சேமிப்பதற்குச் செலவு ஏதுமில்லை. இன்னொன்றும் உண்டு. சோதனைநிலை முறைமையில் ஆய்வின் சோதனைத் தரவு மட்டுமே இருக்க வேண்டும்; ஆய்வேட்டின் கையெழுத்துப்படியும், ஆண்டுக்கணக்கில் சேர்த்த அளவீடுகளும் நிலைபெற்ற முறைமையில், வேறொரு வட்டில், படியோடு இருக்க வேண்டும். தாம் ஆராயும் பொருளின் மீதுள்ள நம்பிக்கையைக் காட்ட மாணவர் தம் பல்லாண்டு உழைப்பை அதன்மேல் வைக்க வேண்டியதில்லை.

இக்கோரிக்கை கட்டுரைகளின் தரத்தை ஓரிரவில் உயர்த்திவிடும் என நான் கருதவில்லை. உள்ளமைவு வெளியான பின்னும் முடிவுகள் முரண்படலாம். வட்டின் உள்நிரலும், அது எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதும், வெப்பநிலையும் தம் பங்கைச் செய்யும். ஆனால் முரண்பாடு எழும்போது அதன் காரணத்தைத் தேடத் தொடங்குவதற்கு ஓர் இடம் இருக்கும். இன்று அவ்விடம் இல்லை. ஆகவே அடுத்த கட்டுரையை அனுப்புமுன் உள்ளமைவுக் கோப்பைத் துணைப்பொருளாக இணையுங்கள். மதிப்பாய்வு செய்ய வரும் கட்டுரையில் அது இல்லையெனில் கேட்டு வாங்குங்கள். இதற்கு மாற்றுக்கருத்து உள்ளோர், குறிப்பாகத் தம் ஆய்வகத்தில் இதனை முயன்று இடர்ப்பட்டோர், காரணங்களோடு எழுதினால் நன்றியுடன் படிப்பேன்.